டிஸ்க்கும் ஓடிடியும் ஒரே பெட்டியில்: பிளேயர் வாங்கப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டு டிவிக்குக் கீழே ஒரு நீள அலமாரி இருக்கிறது. அதில் இருநூறுக்கும் மேல் டிஸ்க்குகள். பெரும்பாலானவை படங்கள். நடுவில் வெள்ளை உறையில் ஒரு கல்யாண டிவிடி. அதில் எங்கள் பாட்டி மணமக்களுக்குத் திருநீறு பூசி நாற்பது விநாடி பேசுகிறார். பாட்டியின் குரல் வேறெங்கும் பதிவாகவில்லை. போன வருஷம் பழைய பிளேயர் தட்டை வெளியே தள்ளாமல் நின்றபோது முதலில் எனக்கு நினைவுக்கு வந்தது அந்த டிஸ்க்தான்.

அதற்கு அப்புறம் நான்கு மாதம் தேடி, கேட்டு, கடைகளில் போட்டுப் பார்த்துத்தான் புதுப் பிளேயர் வாங்கினேன். அதில் கற்றதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். உங்களுக்கு அந்த நான்கு மாதம் மிச்சமாகட்டும்.

ஒன்றை மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். பிளேயரை டிஸ்க்குக்காக வாங்குங்கள். அட்டைப்பெட்டியில் அச்சடித்த ஓடிடி சின்னங்களை எண்ணி வாங்காதீர்கள். ஏன் என்பது நான்காம் படியில் வரும்.

படி 1: அலமாரியைக் காலி செய்து எண்ணுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் உங்களிடம் என்னென்ன வகை டிஸ்க் இருக்கிறது என்று பிரித்து வையுங்கள். எல்லாம் ஒரே வட்டமாகத் தெரிந்தாலும் உள்ளே வேறு வேறு.

விசிடிதான் பழையது. ஒரு டிஸ்க்கில் ஏறத்தாழ 74 முதல் 80 நிமிடம் வரைதான் கொள்ளும். அதனால்தான் தமிழ்ப் படங்கள் இரண்டு டிஸ்க்காகவும் மூன்று டிஸ்க்காகவும் வந்தன. டிவிடி 1996-இல் ஜப்பானில் அறிமுகமானது. ஒரு அடுக்கில் 4.7 ஜிபி, இரண்டு அடுக்கில் 8.5 ஜிபி. நம் ஊர் அலமாரிகள் நிறைந்ததற்கு 2007 முக்கியமான வருஷம். மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியது அப்போதுதான். ப்ளூ-ரே 2006-இல் வந்தது, 25 அல்லது 50 ஜிபி. 4கே ப்ளூ-ரே 2016-இல் வந்தது, 50, 66, 100 ஜிபி என மூன்று அளவு.

இந்தப் பட்டியல் எதற்கு என்றால், புதிய பிளேயர் எல்லாப் பழையதையும் வாசிக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்கிறோம். அப்படி இல்லை. டிவிடியும் பாட்டு சிடியும் ப்ளூ-ரே பிளேயரில் ஓடும் என்று பெரும்பாலும் நம்பலாம். விசிடிக்கு அந்த உறுதி கிடையாது. எம்பி3 நிரப்பிய சிடிக்கும் கிடையாது. ஒவ்வொரு மாடலின் கையேட்டிலும் எந்தெந்த டிஸ்க் ஓடும் என்று ஒரு அட்டவணை இருக்கும். கம்பெனியின் இணையதளத்தில் கையேட்டை இறக்கி அந்த ஒரு பக்கத்தைப் படியுங்கள். கடைக்காரர் சொல்லைவிட அதை நம்பலாம்.

வீட்டில் பதிவு செய்த டிஸ்க்குகளைத் தனியாக எடுத்து வையுங்கள். கல்யாணம், காதுகுத்து, பள்ளி ஆண்டுவிழா எல்லாம் இதில் சேரும். கம்பெனி அச்சடித்த டிஸ்க்கில் தகவல் குழிகளாகப் பதிந்திருக்கும். ஸ்டுடியோவில் பதிவு செய்ததில் ஒரு சாய அடுக்கைச் சுட்டு எழுதியிருப்பார்கள். அது ஒளியைக் குறைவாகத்தான் திருப்பி அனுப்பும். அதனால் லேசர் கொஞ்சம் சோர்ந்தாலும் முதலில் ஓடாமல் போவது கல்யாண டிவிடிதான். சினிமா டிவிடி ஓடுகிறது, கல்யாணம் மட்டும் ஓடவில்லை என்றால் டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வேறொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள்.

படி 2: எந்த நாட்டு டிஸ்க், எந்த நாட்டுப் பிளேயர்

வெளிநாட்டில் சொந்தக்காரர்கள் இருக்கும் வீடுகளில் அதிகம் தகராறு செய்வது இதுதான். இங்கே இரண்டு தனித்தனிப் பூட்டுகள் உண்டு. பலர் இரண்டையும் ஒன்றென்று குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் பூட்டு ரீஜன், அதாவது டிஸ்க் எந்த நாடுகளில் ஓடலாம் என்று கம்பெனி வைக்கும் மண்டலக் குறி. டிவிடிக்கு இந்தியாவும் இலங்கையும் 5, அமெரிக்காவும் கனடாவும் 1, ஐரோப்பாவும் வளைகுடா நாடுகளும் 2, சிங்கப்பூரும் மலேசியாவும் 3, ஆஸ்திரேலியா 4. ப்ளூ-ரேயில் எண்ணுக்குப் பதில் எழுத்து: இந்தியா, இலங்கை ‘சி’, அமெரிக்கா, கனடா, சிங்கப்பூர், மலேசியா ‘ஏ’, ஐரோப்பா, வளைகுடா, ஆஸ்திரேலியா ‘பி’. 4கே ப்ளூ-ரேயில் ரீஜனே கிடையாது, எந்த நாட்டில் வாங்கினாலும் எங்கும் ஓடும். ஆனால் ஒரே உறைக்குள் 4கே டிஸ்க்கோடு சாதாரண ப்ளூ-ரேயும் சேர்த்துத் தருவார்கள். அந்தச் சாதாரண டிஸ்க்குக்கு ரீஜன் இருக்கலாம். கூடுதல் காட்சிகள் பெரும்பாலும் அதில்தான் இருக்கும் என்பதால் இதை மறக்க வேண்டாம்.

இரண்டாவது பூட்டு ஒளிபரப்பு முறை. இந்தியாவிலும் இலங்கையிலும் பால் (PAL) முறை: 576 வரி, விநாடிக்கு 25 சட்டம் (ஃபிரேம்). அமெரிக்காவிலும் கனடாவிலும் என்.டி.எஸ்.சி.: 480 வரி, விநாடிக்கு சுமார் 30 சட்டம். நம் ஊர்ப் பிளேயர்கள் பொதுவாக இரண்டையும் வாசிக்கும். அமெரிக்கச் சந்தைக்கென்று செய்த பிளேயர்களில் பல, பால் டிஸ்க்கை வாசிக்க மறுக்கும்.

டொராண்டோவில் இருக்கும் என் சித்தி மகளுக்கு நடந்தது இது. மதுரையில் நடந்த அவள் கல்யாணத்தின் டிவிடியை அங்கே போட்டால் ‘இந்த டிஸ்க்கை இயக்க முடியாது’ என்றே வந்தது. வீட்டில் பதிவு செய்த டிஸ்க்குக்கு ரீஜனே இல்லையே என்று அவளுக்கு ஒரே குழப்பம். ரீஜன் இல்லைதான், ஆனால் வீடியோ பால் முறையில் இருந்தது. கணினியில் போட்டதும் உடனே ஓடியது. கனடாவிலோ அமெரிக்காவிலோ இருந்து பிளேயர் வாங்குபவர்கள் ரீஜன் பற்றிக் கேட்பதோடு நிறுத்தாமல், ‘பால் டிஸ்க்கை என்.டி.எஸ்.சி.யாக மாற்றித் தருமா’ என்றும் கேளுங்கள். தமிழ்ப் பட டிவிடிகள் பெரும்பாலும் எல்லா ரீஜனிலும் ஓடும்படி வெளிவந்தவை, அவற்றால் தொல்லை குறைவு.

வெளிநாட்டிலிருந்து யாராவது பிளேயர் வாங்கி வந்தால் பின்பக்கம் மின்னழுத்தத்தையும் பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்று எழுதியிருந்தால் நம் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகக் கூடாது.

படி 3: உங்கள் டிவி எதைத் தாங்கும்

டிவி 4கே இல்லை, முழு எச்.டி.தான் என்றால், சாதாரண ப்ளூ-ரே பிளேயரே போதும். அடுத்த இரண்டு, மூன்று வருஷத்தில் டிவி மாற்றும் எண்ணம் இருந்தால் மட்டும் 4கே பிளேயரை யோசியுங்கள்.

4கே டிவி இருந்தால், அது எந்த எச்.டி.ஆர். வகையைக் காட்டும் என்று பாருங்கள். எச்.டி.ஆர். என்பது வெளிச்சத்தையும் இருட்டையும் கூடுதல் வித்தியாசத்தோடு காட்டும் முறை. எல்லா எச்.டி.ஆர். 4கே டிஸ்க்கிலும் அடிப்படையாக எச்.டி.ஆர்.10 இருக்கும். அதற்கு மேல் சில டிஸ்க்கில் டால்பி விஷன், சிலவற்றில் எச்.டி.ஆர்.10 பிளஸ். சாம்சங் டிவிகளில் டால்பி விஷன் கிடையாது. எல்ஜி, சோனி டிவிகளில் எச்.டி.ஆர்.10 பிளஸ் கிடையாது. ஆகவே சாம்சங் டிவி வைத்திருப்பவர் டால்பி விஷனுக்காகக் கூடுதல் பணம் கொடுத்துப் பிளேயர் வாங்கினால் பயன் இல்லை.

டிவியின் வெளிச்சம் சுமார்தான் என்றால் இன்னொன்றைக் கவனியுங்கள். 4கே டிஸ்க்குகளை 1,000 நிட்ஸ், சிலவற்றை 4,000 நிட்ஸ் வெளிச்சத்துக்குத் தயார் செய்கிறார்கள். விலை குறைந்த டிவிகளால் அதில் பாதியைக்கூட எட்ட முடியாது, படம் இருட்டாகத் தெரியும். ‘4கே டிஸ்க் வாங்கினேன், டிவிடியைவிட மங்கலாக இருக்கிறது’ என்று சொல்பவர்கள் வீட்டில் பெரும்பாலும் இதுதான் காரணம். டிவியின் திறனுக்கு ஏற்ப வெளிச்சத்தைச் சரிக்கட்டித் தரும் வசதி சில பிளேயர்களில் உண்டு. பானாசோனிக் அதை எச்.டி.ஆர். ஆப்டிமைசர் என்கிறது. நடுத்தர டிவி வைத்திருப்பவர்களுக்கு அது மிகவும் உதவும்.

நம்மில் பலர் அதிகம் பார்ப்பது பழைய டிவிடிகளைத்தான். 576 வரி டிவிடியின் ஒரு சட்டத்தில் ஏறத்தாழ 4 லட்சம் புள்ளிகள். 4கே திரையில் 83 லட்சம். அதாவது இருக்கும் ஒரு புள்ளியை வைத்து இருபது புள்ளிகளை நிரப்ப வேண்டும். அந்த வேலையைப் பிளேயர் செய்யலாம், டிவியும் செய்யலாம். நல்ல பிளேயர் என்றால் பழைய படத்தில் முகத்தின் ஓரங்கள் படிக்கட்டு போல உடையாமல் இருக்கும். கடையில் புது ஹாலிவுட் 4கே டிஸ்க்கைப் போட்டுக் காட்டி நம்மை அசர வைப்பார்கள். நீங்கள் வீட்டிலிருந்து ஒரு பழைய டிவிடி எடுத்துப் போய் அதைப் போடச் சொல்லுங்கள்.

படி 4: ஓடிடி ஆப்கள்

பிளேயரில் நெட்ஃப்ளிக்ஸ், பிரைம் வீடியோ, யூடியூப் எல்லாம் இருந்தால் ஒரே பெட்டி, ஒரே ரிமோட் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. முதல் ப்ளூ-ரே பிளேயரை வாங்கியபோது அட்டையில் எத்தனை சின்னம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துத்தான் வாங்கினேன். சில வருஷத்தில் ஒவ்வொன்றாக நின்றது. கடைசியில் ஆப் எதுவும் திறக்கவில்லை, டிஸ்க் மட்டும் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

காரணத்தைத் தெரிந்துகொண்டால் யார் மேலும் கோபம் வராது. கைபேசியில் ஆப்பை நாமே புதுப்பித்துக்கொள்கிறோம். டிஸ்க் பிளேயரில் பொதுவாக அப்படி ஒரு கடை இல்லை. கம்பெனி எதை உள்ளே வைத்ததோ அதுதான். ஓடிடி நிறுவனம் தன் முறையை மாற்றும்போது பிளேயர் கம்பெனியும் தன் மென்பொருளை மாற்றித் தர வேண்டும். ஐந்து வருஷத்துக்கு முன் விற்ற மாடலுக்கு அந்த வேலையைத் தொடர்ந்து செய்ய யாருக்கும் வருமானம் இல்லை. 2015 ஏப்ரலில் யூடியூப் தன் பழைய இணைப்பு முறையை நிறுத்தியபோது, 2012-லும் அதற்கு முன்பும் வந்த பல டிவிகளிலும் ப்ளூ-ரே பிளேயர்களிலும் யூடியூப் நின்றுபோனது. 2019 டிசம்பரில் நெட்ஃப்ளிக்ஸ் சில பழைய சாம்சங் டிவிகளிலும் ரோக்கு ஸ்ட்ரீமிங் பெட்டிகளிலும் நின்றது. கருவிகளில் பழுது ஒன்றும் இல்லை, ஆப்தான் போய்விட்டது.

லேசர் பத்து வருஷம் உழைக்கும். ஆப் நான்கைந்து வருஷம் தாண்டுமா என்பதே சந்தேகம். இரண்டையும் ஒரே பெட்டியில் வைத்து ஒரே விலை கொடுக்கும்போது இந்த வித்தியாசத்தை நாம் கணக்கில் எடுப்பதில்லை.

டிஸ்க் பிளேயர் செய்வதில் பெயர் வாங்கிய ஒப்போ நிறுவனம் தன் முந்தைய மாடல்களில் நெட்ஃப்ளிக்ஸ் வைத்திருந்தது. 4கே மாடலான யு.டி.பி.-203 வந்தபோது ஓடிடி ஆப்களை எடுத்தேவிட்டது. அதற்குப் பின் மேல்தட்டு விலையில் வந்த மேக்னெட்டார், ரேவான் பிளேயர்களிலும் ஓடிடி ஆப் இல்லை. டிஸ்க் மேல் அக்கறை உள்ள கம்பெனிகளே இதைத் தனியாக விட்டுவிட்டன என்பது எனக்குப் பெரிய பாடமாக இருந்தது.

தமிழ் பார்ப்பவர்களுக்கு இன்னொரு குறை உண்டு. பிளேயர்களில் வரும் ஆப்கள் பெரும்பாலும் உலகம் முழுக்கப் பொதுவான இரண்டு மூன்றுதான். சன் நெக்ஸ்ட், ஜியோஹாட்ஸ்டார் போன்றவற்றை நான் போட்டுப் பார்த்த எந்தப் பிளேயரிலும் காணவில்லை. டிவியே ஸ்மார்ட் டிவி என்றால் அதில் இருக்கும். இல்லையென்றால் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகும் ஒரு ஸ்டிக் போதும். அது பழையதானால் மாற்ற ஆகும் செலவு பிளேயர் விலையில் ஒரு பங்குதான்.

அதனால் ஓடிடி உள்ள பிளேயர், இல்லாத பிளேயர் இரண்டும் ஒரே தரம், விலையும் கிட்டத்தட்ட ஒன்று என்றால் ஓடிடி உள்ளதை வாங்குங்கள். அதற்காகத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டாம். அம்மா, அப்பா மட்டும் இருக்கும் வீட்டுக்கு வாங்குகிறீர்கள், ரிமோட் ஒன்றுதான் இருக்க வேண்டும் என்றால் கணக்கு மாறும். அப்போது ஓடிடி உள்ள பிளேயர் நியாயம்தான். வாங்குவதற்கு முன் அந்த மாடலுக்குக் கடைசியாக மென்பொருள் புதுப்பிப்பு எப்போது வந்தது என்று கம்பெனி தளத்தில் பாருங்கள். இரண்டு மூன்று வருஷமாக ஒன்றும் வரவில்லை என்றால் அந்த ஆப்களை நம்ப வேண்டாம்.

இணைய வேகத்தைப் பற்றியும் ஒரு வரி. நெட்ஃப்ளிக்ஸ் 4கே படத்துக்கு 15 எம்.பி.பி.எஸ். (விநாடிக்கு 15 மெகாபிட்) கேட்கிறது, முழு எச்.டி.க்கு 5. 100 ஜிபி 4கே டிஸ்க்கில் இது 128 வரை போகலாம். இரண்டரை மணி நேரப் படம் நெட்ஃப்ளிக்ஸ் 4கேயில் 17 ஜிபி போல எடுக்கும், டிஸ்க்கில் அதே படம் 60, 70 ஜிபியைத் தாண்டலாம். மழை, புகை, இருட்டுக் காட்சிகளில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். ஓடிடியில் இருட்டு வானம் பட்டை பட்டையாகப் பிரியும். டிஸ்க்கில் அந்தப் பட்டைகள் பெரும்பாலும் வராது.

படி 5: வீட்டுக்குள்ளேயே ஸ்ட்ரீமிங்

ஸ்ட்ரீமிங் என்றதும் ஓடிடி மட்டும் நினைவுக்கு வருகிறது. வீட்டுக் கணினியிலோ ரவுட்டரில் செருகிய ஹார்ட் டிஸ்க்கிலோ இருக்கும் வீடியோவை வைஃபை வழியாக டிவியில் பார்ப்பதும் ஸ்ட்ரீமிங்தான். டி.எல்.என்.ஏ. என்று போட்டிருக்கும் பிளேயர்களில் இது முடியும். வெளியே எந்தக் கம்பெனி தன் முறையை மாற்றினாலும் இதற்குப் பாதிப்பு வராது. பிளேயர் இருக்கும்வரை ஓடும். பென்டிரைவில் போட்டுப் பார்ப்பதும் அப்படித்தான். என்னைக் கேட்டால் ஓடிடி சின்னங்களைவிட இந்த இரண்டும்தான் பணம் கொடுக்கத் தகுந்த வசதிகள்.

பென்டிரைவ் விஷயத்தில் மூன்றைச் சோதியுங்கள். எம்.கே.வி. வகை வீடியோ கோப்பு ஓடுகிறதா? ஃபேட்32 முறையில் தயாரித்த பென்டிரைவில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் என்.டி.எஃப்.எஸ். அல்லது எக்ஸ்ஃபேட் முறையைப் பிளேயர் வாசிக்கிறதா? தமிழ் சப்டைட்டில் சரியாக வருகிறதா?

மூன்றாவதைக் கொஞ்சம் விளக்குகிறேன். டிவிடியிலும் ப்ளூ-ரேயிலும் வரும் சப்டைட்டில் எழுத்தாக இருக்காது, படமாகவே பதிந்திருக்கும். எந்த மொழியானாலும் அப்படியே தெரியும். பென்டிரைவில் நாம் போடும் எஸ்.ஆர்.டி. கோப்பு வெறும் எழுத்து. பிளேயருக்குள் தமிழ் எழுத்துரு இல்லையென்றால் கட்டம் கட்டமாக வரும். சிலவற்றில் எழுத்து வந்தாலும் ‘கொ’ என்பதில் கொம்பு ஓரிடம், கால் ஓரிடம் என்று சிதறும். கடையிலேயே ஒரு தமிழ் எஸ்.ஆர்.டி. கோப்போடு சின்ன வீடியோவைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

வைஃபை பலவீனமான வீட்டில் பிளேயரின் பின்பக்கம் லேன் துளை இருக்கிறதா என்று பாருங்கள். வயர் இழுக்க முடிந்தால் இழுத்துவிடுங்கள், பாதித் தொல்லை தீரும்.

படி 6: ஒலி எந்த வழியாகப் போகிறது

டிவி ஸ்பீக்கரிலேயே கேட்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டலாம்.

டால்பி அட்மாஸ் (தலைக்கு மேலிருந்தும் ஒலி வருவது போன்ற முறை) என்று ஓடிடியிலும் எழுதியிருக்கும், டிஸ்க்கிலும் எழுதியிருக்கும். இரண்டும் ஒன்றல்ல. ஓடிடியில் அது சுருக்கிய டால்பி டிஜிட்டல் பிளஸ்ஸில் வருகிறது. டிஸ்க்கில் பெரும்பாலும் இழப்பில்லாத ட்ரூஎச்.டி.யில். ஆப்டிகல் வயரில் இரண்டுமே போகாது, பழைய 5.1 டால்பி டிஜிட்டலும் டி.டி.எஸ்.ஸும்தான் போகும். டிவியின் ஏ.ஆர்.சி. துளை (ஒலியை டிவியிலிருந்து வெளியே அனுப்பும் எச்.டி.எம்.ஐ. துளை) வழியாக ஓடிடி அட்மாஸ் போகும். டிஸ்க்கின் ட்ரூஎச்.டி. போக அதன் மேம்பட்ட வடிவமான இ.ஏ.ஆர்.சி. வேண்டும். சவுண்ட்பாரிலேயே எச்.டி.எம்.ஐ. உள்ளே வாங்கும் துளை இருந்தால் பிளேயரை அதிலேயே நேராகச் செருகலாம்.

பழைய ஏ.வி. ரிசீவர் (ஸ்பீக்கர்களை இயக்கும் பெட்டி) வைத்திருப்பவர்கள் இரண்டு எச்.டி.எம்.ஐ. வெளியீடு உள்ள பிளேயரைத் தேடுங்கள். 4கே டிஸ்க்குக்கு எச்.டி.சி.பி. 2.2 என்ற பாதுகாப்பு முறை வழி நெடுக வேண்டும். நடுவில் இருக்கும் பழைய ரிசீவருக்கு அது தெரியாது. படத்தை ஒரு வயரில் டிவிக்கும் ஒலியை இன்னொரு வயரில் ரிசீவருக்கும் அனுப்பிவிட்டால் நல்ல ரிசீவரை மாற்ற வேண்டியதில்லை.

படி 7: சந்தையில் மிச்சம் இருப்பவை

சந்தை சுருங்கிவிட்டது. ஒப்போ 2018-இல் விலகியது. சாம்சங் 2019-இல் அமெரிக்காவுக்குப் புது மாடல் கிடையாது என்றது. எல்ஜி 2024-இல் நிறுத்தியது. பெரிய பெயர்களில் இப்போது சோனியும் பானாசோனிக்கும்தான்.

சோனி யு.பி.பி.-எக்ஸ்700 நடுத்தர விலையில் நல்ல தேர்வு. டால்பி விஷன் உண்டு, இரண்டு எச்.டி.எம்.ஐ. உண்டு, எஸ்.ஏ.சி.டி. என்ற உயர்தரப் பாட்டு டிஸ்க்கும் ஓடும். எச்.டி.ஆர்.10 பிளஸ் கிடையாது. டால்பி விஷனை டிஸ்க்குக்கு ஏற்ப நாமே அமைப்பில் போய்ப் போட்டு அணைக்க வேண்டும், அது கொஞ்சம் சலிப்பு. பானாசோனிக் டி.பி.-யு.பி.820 விலை கூடுதல். டால்பி விஷன், எச்.டி.ஆர்.10 பிளஸ் இரண்டும் உண்டு, நான் மேலே சொன்ன வெளிச்சம் சரிக்கட்டும் வசதியும் உண்டு. அதன் தம்பி யு.பி.420-இல் டால்பி விஷன் இல்லை. சாம்சங் டிவி வீட்டுக்கு அது ஒரு குறையே அல்ல.

ஏற்கெனவே விளையாட்டுப் பெட்டி இருந்தால்? டிஸ்க் துளை உள்ள பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் இரண்டும் 4கே ப்ளூ-ரே ஓட்டும். ஆனால் இந்த இரண்டிலும் டிஸ்க் போட்டால் டால்பி விஷன் வராது. பிளேஸ்டேஷன் 5-இல் பாட்டு சிடி ஓடாது, 3டி ப்ளூ-ரேயும் ஓடாது. அலமாரியில் பாதி இளையராஜா சிடியாக இருக்கும் வீட்டுக்கு அது சரிப்படாது.

இந்தியக் கடைகளில் எல்லா மாடலும் எப்போதும் இருக்காது. இறக்குமதிச் சரக்கு என்றால் வாரண்டி யார் தருகிறார்கள், பில் யார் பெயரில் என்று கேட்டு வாங்குங்கள். சென்னையில் ரிச்சி தெரு போன்ற இடங்களில் பழைய பிளேயர் கிடைக்கும், அதுவும் மோசமில்லை, சோதித்து வாங்கினால்.

படி 8: கடைக்கு எடுத்துப் போக வேண்டிய பை

நான் ஐந்து டிஸ்க்கும் ஒரு பென்டிரைவும் எடுத்துப் போனேன். கீறல் விழுந்த ஒரு படம், மூன்று மணி நேரப் பழைய டிவிடி ஒன்று, கல்யாண டிவிடியின் நகல், ஒரு விசிடி, ஒரு பாட்டு சிடி.

நீளப் படத்தை நடுவில் ஓட்டிப் பாருங்கள். இரண்டு அடுக்கு டிவிடியில் லேசர் ஒரு அடுக்கிலிருந்து அடுத்த அடுக்குக்குத் தாவும் இடம் ஒன்று உண்டு. நல்ல பிளேயரில் அரை விநாடி நிற்கும், தளர்ந்ததில் அங்கேயே உறைந்துவிடும். அசல் கல்யாண டிஸ்க்கைக் கடைக்குக் கொண்டு போகாதீர்கள். தட்டை ஏழெட்டு முறை திறந்து மூடுங்கள். டிவி சத்தத்தை அணைத்துவிட்டுப் பிளேயரின் பக்கத்தில் காதை வைத்துக் கேளுங்கள்: மெல்லிய சுழற்சிச் சத்தம் பரவாயில்லை, உரசும் சத்தம் வேண்டாம். பழைய பிளேயர் என்றால் குறைந்தது அரை மணி நேரம் ஓட விடுங்கள். சூடேறிய பின்தான் பல குறைகள் வெளியே வரும்.

படி 9: வீட்டுக்கு வந்த முதல் நாள்

சரி, வாங்கியாயிற்று. பெட்டியிலிருந்து எடுத்துச் செருகியதோடு விட்டால் கொடுத்த பணத்தில் பாதிதான் வேலை செய்யும்.

டிவியின் அமைப்பில் அந்த எச்.டி.எம்.ஐ. துளையை முழுத் திறனுக்கு மாற்றுங்கள். சோனியில் ‘என்ஹான்ஸ்டு ஃபார்மேட்’, சாம்சங்கில் ‘இன்புட் சிக்னல் பிளஸ்’, எல்ஜியில் ‘டீப் கலர்’ என்று பெயர் வேறுபடும். இதைப் போடாவிட்டால் பல டிவிகளில் எச்.டி.ஆர். வராது. கேபிள் 18 ஜி.பி.பி.எஸ். தாங்குவதாக இருக்கட்டும். விலை உயர்ந்த கேபிள் படத்தை அழகாக்காது, தாங்குகிறதா இல்லையா என்பது மட்டும்தான்.

பிளேயரில் 24பி வெளியீட்டைப் போட்டுவிடுங்கள். சினிமா விநாடிக்கு 24 சட்டம், அதை அப்படியே அனுப்பினால் கேமரா நகரும் காட்சிகளில் திக்கல் குறையும். சவுண்ட்பாருக்கு அட்மாஸ் போகவில்லையென்றால், ப்ளூ-ரே துணை ஒலி அல்லது ‘பி.டி. ஆடியோ மிக்ஸ்’ என்று ஓர் அமைப்பு இருக்கும், அதை அணையுங்கள். டிஸ்க் மெனுவின் கிளிக் சத்தத்தை ஒலியோடு கலப்பதற்காகப் பிளேயர் எல்லாவற்றையும் பிரித்து மறுபடி கட்டும், அதில் அட்மாஸ் தொலைந்துவிடும். நான் இரண்டு நாள் இதில் திண்டாடினேன்.

மென்பொருளை ஒருமுறை புதுப்பித்துவிடுங்கள். இணையம் இல்லாத வீட்டில் பென்டிரைவ் மூலமாகவும் செய்யலாம். புது டிஸ்க்குகளில் வரும் பாதுகாப்புப் பூட்டுக்கு அது சில சமயம் தேவைப்படும். பிளேயர் மேல் செட்டாப் பாக்ஸையோ பூ வைத்த தட்டையோ வைக்க வேண்டாம், காற்று போகட்டும்.

டிஸ்க்கைத் துடைக்கும்போது மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் கீறல் பாதையோடு சேர்ந்து ஓடும், லேசரால் தாண்ட முடியாது.

வாரண்டிக் காலம் ஓடும்போதே அலமாரியில் உள்ள பதிவு செய்த டிஸ்க் ஒவ்வொன்றையும் முழுதாக ஒருமுறை ஓட்டிவிடுங்கள். ஓடுகிறவற்றை அன்றைக்கே டிவிடி டிரைவ் உள்ள கணினியில் நகலெடுத்து ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போடுங்கள், இன்னொரு நகலை வேறு வீட்டில் வையுங்கள். சாயம் வெளுத்துவிட்ட டிஸ்க்கை எந்தப் பிளேயரும் மீட்டுத் தராது. எங்கள் வெள்ளை உறை டிஸ்க்கில் கடைசிப் பத்து நிமிடம் ஏற்கெனவே போய்விட்டது, பந்தி நடக்கும் காட்சி. பாட்டி பேசும் இடம் நடுவில் இருக்கிறது. அது இப்போது மூன்று வீடுகளில் இருக்கிறது, டொராண்டோவிலும் ஓடுகிறது.